கடுங்குளிர் வருமா? கம்பளிப்பூச்சியும் கணிப்பொறியும்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் அக்டோபர் மாதம் நடைபாதைகளிலும் சாலையோரங்களிலும் ஒரு கம்பளிப்பூச்சி அவசரம் அவசரமாகக் கடந்து போகும். விரல் நீளம்கூட இராது. இரண்டு முனையும் கறுப்பு, நடுவில் செம்பழுப்புப் பட்டை. நம்மூர் முருங்கைமரத்துக் கம்பளிப்பூச்சிபோல அவ்வளவாக அரிக்காது. தொட்டால் சுருண்டு பந்தாகிவிடும். இசபெல்லா என்ற அந்துப்பூச்சியின் புழுப்பருவம் இது. நடுப்பட்டை அகலமாக இருந்தால் வரப்போகும் குளிர்காலம் மிதமாக இருக்கும், கறுப்பு அதிகமாக இருந்தால் கடுங்குளிர் என்று அங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

1948இல் இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க ஒருவர் கிளம்பினார். நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பூச்சிகளுக்குப் பொறுப்பாளராக இருந்த சார்லஸ் ஹோவர்ட் கர்ரன்தான் அவர். நகருக்கு வடக்கே இருக்கும் பேர் மலைக்கு மனைவியோடு போய், ஒரு நாளில் கிடைத்த கம்பளிப்பூச்சிகளையெல்லாம் சேகரித்தார். ஒவ்வொன்றின் உடலிலும் 13 கணுக்கள் உண்டு. அவற்றில் எத்தனை பழுப்பு என்று எண்ணிச் சராசரி எடுத்து, அந்த ஆண்டுக் குளிர் எப்படி இருக்கும் என்று கணித்தார். நியூயார்க் ஹெரால்டு டிரிப்யூன் நாளிதழ் அதை வெளியிட்டது. அன்றிலிருந்து அந்தப் புழுவுக்கு ஏகப்பட்ட புகழ். 1956 வரை இதைத் தொடர்ந்த கர்ரனுக்குக் கிடைத்த சராசரி 5.3 முதல் 5.6 கணு வரை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பழுப்பு என்றால் மிதமான குளிர் என்பது கணக்கு. அந்த ஆண்டுகளின் குளிரும் பெரும்பாலும் மிதமாகவே அமைந்தது.

ஆனால் ஒரே மலையில், ஒரு நாளில் பிடித்த பூச்சிகளை வைத்துச் செய்த கணக்கு இது. மாதிரி மிகச் சிறியது என்பது கர்ரனுக்கே தெரியும். தெருவின் இந்தப் பக்கத்துப் புழுவில் ஏழு கணு பழுப்பு, எதிர்ப்பக்கத்துப் புழுவில் நான்கு என்று இருப்பது சர்வசாதாரணம். இரண்டுக்கும் ஒரே குளிர்காலம்தானே வரப்போகிறது? வட கரோலினாவின் பேனர் எல்க் என்ற ஊரில் 1970களின் இறுதியிலிருந்து கம்பளிப்பூச்சித் திருவிழா நடக்கிறது. நூலில் ஏறும் பந்தயம் வைத்து, ஜெயித்த புழுவின் 13 கணுக்களைக் குளிர்காலத்தின் 13 வாரங்களாக வாசிக்கிறார்கள். எந்தப் புழுவின் உடம்பைப் படிப்பது என்பதைப் பந்தயம் முடிவு செய்கிறது. ஊர்த் திருவிழாவாக அது மகிழ்ச்சியான காரியம். எனக்கு அதில் குறை இல்லை. வானிலைச் சான்றாக அதைக் கொள்ள முடியாது, அவ்வளவே.

அப்படியானால் அந்தப் பழுப்புப் பட்டைக்குப் பொருளே இல்லையா? இருக்கிறது. இந்தப் புழு வளர்ந்து முடிவதற்குள் பல முறை தோலுரிக்கும். ஒவ்வொரு முறை உரிக்கும்போதும் கறுப்பு குறைந்து செம்பழுப்பு கூடும். ஆகவே பட்டையின் அகலம் புழுவின் வயதைச் சொல்கிறது. என்ன தின்றது, எவ்வளவு ஈரத்தில் வளர்ந்தது என்பதும் அதில் பதிவாகிறது. எல்லாம் நடந்து முடிந்த கதை. வசந்தம் சீக்கிரம் வந்ததா, கோடையில் தழை செழித்ததா என்று கேட்டால் கம்பளிப்பூச்சி ஓரளவு பதில் சொல்லும். ஜனவரியில் பனி கொட்டுமா என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. அதற்கு அந்தப் பதில் தேவையும் இல்லை. குளிர் எப்படி வந்தாலும் சருகுக்கு அடியில் புகுந்து, உடம்பில் கிளிசரால் போன்ற பொருள்களைச் சேர்த்துக்கொண்டு, உறைந்துபோய்க் கிடந்து, வசந்தத்தில் உருகி எழுந்து நடக்கும் உயிர் அது. என்னைக் கேட்டால், பட்டையைவிட இதுதான் வியப்பு.

இதே சோதனையை மற்ற அடையாளங்களுக்கும் வைத்துப் பார்க்கலாம். இங்கிலாந்தில் ஹோலிச் செடி நிறைய சிவப்புப் பழம் பிடித்தால் கடுங்குளிர் வரும் என்பார்கள். பழம் நிறையப் பிடிக்கக் காரணம், பூத்த காலத்தில் பூக்கள் பனியில் கருகாமல் இருந்ததும், தேனீக்கள் தடையின்றி வந்துபோனதும்தான். இதே பேச்சு ஓக் காய்களைப் பற்றியும் உண்டு; அந்த மரம் ஒரு வருடம் கொட்டோ கொட்டென்று காய்த்து மறு வருடம் ஓய்ந்திருப்பதில் முந்தைய பருவங்களின் வானிலைக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்காவின் ஓசார்க் மலைப்பகுதியில் பெர்சிமன் பழக் கொட்டையை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். நம் கருங்காலியின் இனத்தைச் சேர்ந்த மரம் அது. கொட்டைக்குள் வெள்ளையாக ஒரு சிறு முளை தெரியும். அது கரண்டிபோல் இருந்தால் வாரிக் கொட்ட நிறையப் பனி வரும், முள்கரண்டியானால் மிதமான குளிர், கத்தியானால் வெட்டும் குளிர்காற்று. அது விதையிலை. கரண்டி வடிவமே பெரும்பாலும் அகப்படுகிறது. ஒரே மரத்துப் பழங்களில் கரண்டியும் முள்கரண்டியும் சேர்ந்து கிடைப்பதும் உண்டு.

பஞ்சாங்கங்களும் உண்டு. 1792இல் ராபர்ட் தாமஸ் தொடங்கிய 'ஓல்டு ஃபார்மர்ஸ் அல்மனாக்' இன்றும் ஆண்டுதோறும் வருகிறது. சூரியப் புள்ளிகளையும் வேறு சிலவற்றையும் கொண்ட அதன் சூத்திரம் ஒரு கறுப்புத் தகரப் பெட்டியில் பூட்டி வைக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறார்கள். பத்துக்கு எட்டு பலிக்கிறது என்பது அவர்களின் கூற்று. வானிலையாளர்கள் பழைய இதழ்களை எடுத்துப் பதிவுகளோடு ஒப்பிட்டபோது பாதிக்குப் பாதிதான் தேறியது. காசைச் சுண்டினாலும் அவ்வளவு கிடைக்கும்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறுவதையும், தும்பி தாழப் பறப்பதையும் பார்த்து மழையைச் சொன்ன நம் கிராமத்துப் பெரியவர்களைக் கம்பளிப்பூச்சிக் கூட்டத்தோடு சேர்த்துவிடக் கூடாது. அவர்கள் சொன்னது சில மணி நேரத்துச் சேதி. காற்றில் ஈரம் ஏறியாகிவிட்டது, அழுத்தம் இறங்கியாகிவிட்டது. பூச்சி அதை உணர்ந்து நடந்துகொள்கிறது, மனிதர் பூச்சியைப் பார்க்கிறார். அதில் காரணச் சங்கிலி இருக்கிறது. ரஷ்யாவின் வடகோடியிலிருந்து இங்கிலாந்துக்கு வரும் பெவிக் அன்னங்களும் அப்படியே. சீக்கிரம் வந்தால், வந்த வழியில் ஏற்கெனவே குளிர் இறங்கிவிட்டது என்று பொருள். இப்போது, வேறோர் இடத்தில் நடப்பதை அவை சொல்கின்றன. மூன்று மாதம் கழித்து நடக்கப்போவதை எந்த உயிரும் தன் உடம்பால் உணர வழியில்லை.

சரி, கணிப்பொறிக்கு மட்டும் வழி இருக்கிறதா? 1961இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எட்வர்ட் லோரன்ஸ் ஒரு சிறிய வானிலை மாதிரியைக் கணிப்பொறியில் ஓட்டிக்கொண்டிருந்தார். ஓட்டத்தை நடுவிலிருந்து மீண்டும் தொடங்க, 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் 0.506 என்று இட்டார். கொஞ்ச தூரம் இரண்டும் ஒத்துப்போயின. பிறகு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு வானிலைகள் வந்து நின்றன. காற்றை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் சிறு பிழை இருக்கும். அது பெருகிப் பெருகி, ஏறத்தாழ இரண்டு வாரத்தில் முன்னறிவிப்பை விழுங்கிவிடும். டிசம்பர் 20ஆம் தேதி லண்டனில் பனி பெய்யுமா என்பதை அக்டோபரில் சொல்ல இன்றுவரை எவராலும் முடியாது. சொல்கிறேன் என்று எவராவது வந்தால் நம்ப வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் சொல்ல முடியாதவர்கள் மூன்று மாதத்தைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள்? ஒரு தாயக்கட்டையில் ஒரு பக்கம் கொஞ்சம் ஈயம் ஏற்றியிருக்கிறது என்று வையுங்கள். அடுத்த உருட்டில் என்ன விழும் என்று தெரியாது. நூறு உருட்டில் எது அதிகம் விழும் என்று தெரியும். பருவ முன்னறிவிப்பு முழுவதும் இந்த ஈயத்தைத் தேடும் வேலைதான். காற்றுக்கு நினைவு இரண்டு வாரம். அதைவிட மெல்ல மாறும் ஏதாவது காற்றை ஒரு பக்கமாகச் சாய்க்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அந்தத் தேடல் தொடங்கியது நம் நாட்டில், ஒரு பெரும் துயரத்தில். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்தை தாது வருஷப் பஞ்சம் என்று நம் வீடுகளில் இன்னமும் நினைவு வைத்திருக்கிறார்கள். லட்சக்கணக்கில் மக்கள் மடிந்தார்கள். மழை பொய்க்குமா என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பிரிட்டிஷ் அரசு தன் வானிலைத் துறையைக் கேட்டது. துறைத் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு இமயமலையைப் பார்த்தார். மலையில் பனி அதிகம் கிடந்து தாமதமாக உருகினால் நிலம் சூடாவது தடைப்படும், தென்மேற்குப் பருவமழை மெலியும் என்பது அவர் கருத்து. 1886இல் அந்த அடிப்படையில் இந்தியாவின் முதல் முறையான பருவ முன்னறிவிப்பு வெளியானது. பனியும் இயற்கையின் அடையாளம்தான். ஆனால் கம்பளிப்பூச்சியின் பட்டைக்கு இல்லாத ஒன்று அதற்கு உண்டு. பனி மாதக்கணக்கில் தரையில் கிடந்து காற்றின்மேல் வேலை செய்கிறது.

அதுவும் போதவில்லை. 1899இல் மழை பொய்த்து மறுபடியும் பஞ்சம் வந்தது. முன்னறிவிப்பு அதைச் சொல்லவில்லை. 1904இல் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜில் படித்த கணிதவியலர். வானிலை அவருக்குப் புதிது. காரணம் என்ன என்று ஊகிப்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, உலகெங்கும் இருந்து வந்த காற்றழுத்த, வெப்ப, மழைப் பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடத் தொடங்கினார். கணிப்பொறி இல்லாத காலம். இந்திய எழுத்தர்கள் வரிசையாக உட்கார்ந்து, கையால் கூட்டிப் பெருக்கி, ஆயிரக்கணக்கான ஒட்டுறவுக் கணக்குகளைப் போட்டுக் கொடுத்தார்கள். அவர்களின் பெயர்களை அறிவியல் வரலாறு போதிய அளவு சொல்லவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

அந்தக் கணக்குக் குவியலிலிருந்து 1920களில் வாக்கர் அடையாளம் காட்டிய பெரிய ஊசல்களில் இரண்டு இங்கே முக்கியம். ஒன்று, பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் அழுத்தம் எதிரெதிராக ஏறி இறங்கும் தென் அலைவு. மற்றொன்று, ஐஸ்லாந்துக்கும் அசோரஸ் தீவுகளுக்கும் இடையே நடக்கும் வட அட்லாண்டிக் அலைவு. இந்தியாவின் மழையைத் தேடிப் போனவர், ஐரோப்பாவின் குளிரை ஆளும் ஊசலையும் சேர்த்துக் கண்டார். ஐஸ்லாந்தில் அழுத்தம் மிகவும் தாழ்ந்து அசோரஸில் உயர்ந்திருந்தால் அட்லாண்டிக்கின் மேற்குக் காற்று ஈரத்தோடும் கதகதப்போடும் ஐரோப்பாவுக்குள் பாயும். அந்த வேறுபாடு குறைந்தால் மேற்குக் காற்று தளரும். கிழக்கிலிருந்து சைபீரியக் காற்று நுழையும். 1962–63 குளிர்காலத்தில் நடு இங்கிலாந்தின் மூன்று மாதச் சராசரி வெப்பம் மைனஸ் 0.3 டிகிரிக்கு இறங்கியதற்கு இந்த ஊசலின் சாய்வே காரணம். 1740க்குப் பிறகு அப்படியொரு குளிரை அந்தத் தீவு கண்டதில்லை.

தென் அலைவுக்கும் எல் நினோவுக்கும் உள்ள உறவை 1969இல் ஜேக்கப் பியர்க்னஸ் விளக்கினார். பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதியில் கடல் சூடானால் எல் நினோ, குளிர்ந்தால் லா நினா. கடல் மெல்லச் சூடாகும், மெல்லவே குளிரும். அக்டோபரில் தென்படும் லா நினா பெரும்பாலும் பிப்ரவரி வரை நீடிக்கும். அங்கே கடலின் மேலெழும் மேகங்கள் உயரத்தில் விரைந்தோடும் ஜெட் காற்றோட்டத்தை நகர்த்துகின்றன. லா நினா ஆண்டுகளில் மேற்குக் கனடாவிலும் அமெரிக்காவின் வடமேற்கிலும் குளிர் கூடும் வாய்ப்பு உண்டு. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் குளிர் குறைந்து வறட்சி மிகும். வட அமெரிக்கக் குளிர்காலத்தின் தாயக்கட்டையில் மிகப் பெரிய ஈயத்துண்டு இதுதான்.

இன்னொன்று தலைக்கு மேலே இருக்கிறது. 1952இல் பெர்லினில் ரிச்சர்ட் ஷெர்ஹாக், பலூன்கள் அனுப்பிய அளவுகளில் விசித்திரமான ஒன்றைக் கண்டார். நடுக்குளிர்காலத்தில், அடுக்கு மண்டலத்தில், காற்று திடீரென்று சூடாகியிருந்தது. ஆர்க்டிக்கின்மேல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் ஒவ்வொரு குளிர்காலமும் மேற்கிலிருந்து கிழக்காகச் சுழலும் கடும் காற்று வளையம் உண்டு. அதற்குத் துருவச் சுழல் என்று பெயர். கீழிருந்து மலைகளும் கண்டங்களும் எழுப்பும் பேரலைகள் சில ஆண்டுகளில் அதை உடைத்துவிடும். அப்போது அங்கே சில நாள்களுக்குள் 50 டிகிரி வரைகூட வெப்பம் ஏறும். உடைப்பின் தாக்கம் மெல்லக் கீழிறங்கி, வட அட்லாண்டிக் ஊசலைக் குளிர்ப்பக்கம் தள்ளும். 2018 பிப்ரவரி 12ஆம் தேதி சுழல் உடைந்தது. இரண்டு வாரத்தில் கிழக்கிலிருந்து வந்த உறைகாற்றும் பனிப்பொழிவும் பிரிட்டனை முடக்கின. எல்லா உடைப்பும் இப்படித் தரைக்கு வருவதில்லை. வந்தால் பல வாரங்கள் நீடிக்கும்.

சைபீரியாவில் அக்டோபரில் விழும் பனியின் பரப்பை வைத்தே இந்தச் சுழலின் போக்கைக் கணிக்கலாம் என்று அமெரிக்க ஆய்வாளர் ஜூடா கோஹன் நீண்ட காலமாக வாதிட்டு வருகிறார். பிளான்ஃபோர்டின் இமயப் பனியின் வாரிசு இது என்று தோன்றுகிறது. பழைய ஆண்டுகளுக்கு அழகாகப் பொருந்திய அந்த உறவு அண்மை ஆண்டுகளில் அவ்வளவு உறுதியாக இல்லை. கணிப்பொறி மாதிரிகளும் அதை முழுமையாக ஏற்கவில்லை. காரணச் சங்கிலி தெளிவாக இருந்தால் மட்டும் போதாது, வருடா வருடம் நின்று காட்டவும் வேண்டும்.

இந்தப் பாடத்தை பிரிட்டனின் வானிலைத் துறையான மெட் ஆஃபீஸ் பகிரங்கமாகக் கற்றது. 2009இல் கோடை நன்றாகவே இருக்கும், வெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடலாம் என்ற பொருளில் ஒரு அறிவிப்பு. ஜூலையில் மழை கொட்டியது. அடுத்து, குளிர்காலம் மிதமாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற அறிவிப்பு; வந்தது முப்பது ஆண்டுகளில் மிகக் கடுமையான குளிர். அறிக்கைகளில் வாய்ப்பு என்றுதான் இருந்தது. தலைப்புச் செய்திகளில் அது வாக்குறுதியாக மாறிவிட்டது. 2010 மார்ச்சில் பொதுமக்களுக்குப் பருவ முன்னறிவிப்பு வெளியிடுவதையே நிறுத்திக்கொண்டார்கள். அதே ஆண்டு டிசம்பர், இங்கிலாந்தின் நடுப்பகுதியில் நூறு ஆண்டுகளுக்கு மேல் காணாத குளிரான டிசம்பராக அமைந்தது.

ஆனால் ஆராய்ச்சியை நிறுத்தவில்லை. கடலையும் அடுக்கு மண்டலத்தையும் நுட்பமாகச் சேர்த்த புதிய மாதிரியைக் கட்டினார்கள். ஒரு முறை ஓட்டாமல், தொடக்க நிலையைச் சிறிது சிறிது மாற்றிப் பல முறை ஓட்டினார்கள். லோரன்ஸைத் திகைக்கவைத்த அதே பிழைப்பெருக்கத்தை இங்கே வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள். ஓட்டங்கள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தால் அங்கே ஈயம் இருக்கிறது, சிதறினால் இல்லை. 2014இல் ஆடம் ஸ்கெய்ஃபும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், நவம்பரில் தொடங்கும் ஓட்டங்கள் குளிர்காலத்தின் வட அட்லாண்டிக் ஊசலை 0.6 என்ற அளவு ஒட்டுறவோடு கணித்தன. 1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் தொடர்பே இல்லை. 0.6 என்பது ஊசலின் ஏற்ற இறக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் விளங்குகிறது என்று பொருள். குறைவுதானே என்று தோன்றலாம். முன்பு ஏறக்குறைய ஒன்றுமே தெரியாதிருந்த இடத்தில் இது பெரிய வெற்றி.

ஆக, இந்த அறிவிப்புகளை எப்படி வாசிப்பது? அமெரிக்க அரசின் வானிலை, பெருங்கடல் ஆய்வு அமைப்பான நோவா ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் குளிர்கால வரைபடம் வெளியிடுகிறது. முப்பது ஆண்டுக் குளிர்காலங்களை வரிசைப்படுத்தி, குளிர்ந்த பத்து, நடுத்தரமான பத்து, கதகதப்பான பத்து என்று மூன்றாகப் பிரிப்பார்கள். எந்தத் தகவலும் இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 33 விழுக்காடு வாய்ப்பு. ஓர் இடத்தில் கதகதப்புக்கு 40 என்று போட்டிருந்தால் வரைபடம் அங்கே செம்மஞ்சளாகத் தெரியும். தொலைக்காட்சியில் 'இந்த ஆண்டு குளிர் இல்லை' என்பார்கள். மீதி 60 விழுக்காடு வேறு பக்கம் இருக்கிறது. நடுத்தரத்துக்கு 33, கடுங்குளிருக்கு 27. நான்கில் ஒரு பங்குக்கும் மேலான வாய்ப்பை யாரும் ஒதுக்கிவிட முடியாது. சில இடங்கள் வெள்ளையாக இருக்கும். அங்கே எல்லாம் சம வாய்ப்பு, சொல்ல ஒன்றும் இல்லை என்று பொருள். கம்பளிப்பூச்சியை வாசிப்பவர்களோ, பஞ்சாங்கமோ ஒரு வருடமும் இப்படி வெள்ளை காட்டியதில்லை. எனக்கு அந்த வெள்ளைப் பகுதிகள்மீதுதான் அதிக மரியாதை.

இந்த அறிவிப்புகளை வாசிப்பதில் ஒரு கண்ணியும் உண்டு. உயிரைக் குடிக்கும் கண்ணி. பருவ முன்னறிவிப்பு மூன்று மாதச் சராசரியைப் பற்றிப் பேசுகிறது. 2020 அக்டோபரில் லா நினா உருவாகியிருந்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் குளிர்காலம் வழக்கத்தைவிடக் கதகதப்பாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று நோவா சொன்னது. பிப்ரவரி நடுவில் ஆர்க்டிக் காற்று டெக்சாஸ் வரை இறங்கியது. 2021 பிப்ரவரி 16ஆம் தேதி டல்லாஸ் விமான நிலையத்தில் வெப்பம் மைனஸ் 19 டிகிரி. எரிவாயுக் கிணறுகளின் வாய் உறைந்தது, குழாய்கள் அடைத்தன, மின் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. 45 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் போயிற்று. உறைந்த வீட்டிலும், சூட்டுக்காக மூடிய இடத்தில் ஓட்டிய வாகனப் புகையிலும், வேறு வழிகளிலுமாக மாண்டவர்கள், மாநில அரசின் கணக்குப்படியே 246 பேர்.

அந்த அலை வருவது ஒரு வாரத்துக்கு முன்பே குறுகிய கால முன்னறிவிப்புகளில் தெரிந்திருந்தது. ஒரு வாரத்தில் ஆயிரக்கணக்கான கிணறுகளுக்கும் மின் நிலையங்களுக்கும் குளிர்க்காப்பு போட்டுவிட முடியாது. 2011 பிப்ரவரியிலும் இதேபோல் குளிரில் டெக்சாஸ் மின்சாரம் தடுமாறியது. குளிர்க்காப்பு போடச் சொல்லிப் பரிந்துரை வந்தது, கட்டாயமாக்கவில்லை. பத்து ஆண்டு கழித்து, அத்தனை சாவுக்குப் பிறகு, 2021 ஜூனில்தான் மின் நிலையங்களுக்கு அதைக் கட்டாயமாக்கும் சட்டத்தை அந்த மாநிலம் நிறைவேற்றியது. எரிவாயுவை எவ்வளவு சேமிப்பது, சாலையில் தூவ எத்தனை டன் உப்பு வாங்குவது என்று முடிவு செய்யப் பருவ முன்னறிவிப்பை நம்பலாம். குழாய்க்கு உறை போடும் வேலையை அந்த வரைபடத்தைப் பார்த்து ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது.